முதலையை விடுங்க, தண்ணீரைப் பாருங்க! ‘கிரால்’ காட்டும் புயல் பயம்

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா எடுக்கவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கைக்குழந்தையோடு இருக்கும் மூத்த மகளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. புளோரிடாவை நோக்கிப் பெரும்புயல் வருகிறது. அப்பா தனியாக இருப்பது புளோரிடாவில். உடனே அங்கேயே கல்லூரியில் படிக்கும் தங்கையைக் கூப்பிடுகிறாள். தங்கைக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவாக இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஊரே காலி செய்துகொண்டு வெளியே போக, அவள் மட்டும் காரை உள்ளே திருப்புகிறாள். போலீஸ் தடுப்பு போட்டிருக்கிறது. அதையும் ஏமாற்றிவிட்டுப் போகிறாள்.

2015 டிசம்பரில் சென்னையில் செல்போன் சிக்னல் செத்துப்போன அந்த நாள்களை, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு கடந்தவர்களுக்கு இந்தப் பத்து நிமிடத்தை விளக்கவே வேண்டாம்.

இப்படித்தான் தொடங்குகிறது ‘கிரால்’. 2019 ஜூலையில் வெளிவந்த ஹாலிவுட் ஹாரர் படம். போஸ்டரைப் பார்த்தால் ‘இன்னொரு முதலைப் படம்’ என்றுதான் தோன்றும். தயாரித்த நிறுவனத்துக்கே பெரிய நம்பிக்கை இல்லையோ என்னவோ, விமர்சகர்களுக்கு முன்கூட்டியே போட்டுக்காட்டவில்லை. ஆனால் படம் வந்த பிறகு கதை மாறியது. சுமார் 1.5 கோடி டாலருக்குள் எடுத்த படம் உலகம் முழுக்க 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த ஆண்டில் தனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான் என்று இயக்குநர் க்வென்டின் டாரன்டினோ சொன்னபோது, அதுவரை பார்க்காமல் விட்டவர்களும் தேடிப் பார்த்தார்கள்.

இயக்குநர் அலெக்ஸாண்டர் அஜா, பிரான்ஸ்காரர். ‘பிரானா 3டி’ எடுத்தவர். தயாரிப்பாளர்களில் ஒருவர், ‘ஈவில் டெட்’, ‘ஸ்பைடர்மேன்’ படங்களின் இயக்குநர் சாம் ரைமி. ரத்தத்துக்குப் பஞ்சமிருக்காது என்று இந்த இரண்டு பெயர்களே சொல்லிவிடும். குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கும் படமில்லை. அமெரிக்காவிலேயே இதற்கு ‘ஆர்’ சான்றிதழ்தான்.

(இனி வருவதில் கதை கொஞ்சம் வெளியே வரும். படம் பார்த்துவிட்டு வருவதாக இருந்தால், இங்கே நிறுத்திக்கொள்ளலாம். படம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.)

ஒரு சொல், மூன்று அர்த்தம்

நாயகி ஹேலி, புளோரிடா பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீராங்கனை. கயா ஸ்கோடெலாரியோ நடித்திருக்கிறார். நிஜத்திலும் அந்தப் பல்கலைக்கழக அணிகளுக்கு ‘கேட்டர்ஸ்’ என்றுதான் பெயர். கேட்டர் என்றால் அலிகேட்டரின் செல்லப்பெயர். கடைகளில் விற்கும் ‘கேட்டரேட்’ பானம்கூட 1965-ல் இந்த அணியின் கால்பந்து வீரர்களுக்காக அங்கே உருவாக்கப்பட்டதுதான். அணியின் சின்னமே முதலை. அதே முதலையிடம் அந்த அணியின் பெண் மாட்டிக்கொள்கிறாள் என்ற குறும்பு, திரைக்கதையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

‘கிரால்’ என்ற தலைப்பிலும் இதே குறும்பு உண்டு. கிரால் என்றால் தவழ்வது. நீச்சலில் கைகளை மாற்றி மாற்றி வீசிப் போகும் ‘ஃப்ரீஸ்டைல்’ முறைக்கும் ‘ஃப்ரண்ட் கிரால்’ என்றே பெயர். மூன்றாவது அர்த்தம்தான் படத்தின் உயிர்: ‘கிரால் ஸ்பேஸ்’.

நம்மூர் வீடுகளில் இது கிடையாது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் தரைக்கடியில் தண்ணீர் மேலாகவே இருப்பதால் நிலவறை கட்டுவது கஷ்டம். அதனால் பல பழைய வீடுகளைக் குட்டையான தூண்களின் மேலோ, தாழ்ந்த சுவரின் மேலோ தூக்கிக் கட்டியிருப்பார்கள். தரைக்கும் வீட்டின் மரத்தளத்துக்கும் நடுவே, ஆள் நிமிர முடியாத ஓர் இடைவெளி இருக்கும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் அதற்குள் ஓடும். குழாய் கசிந்தால் பிளம்பர் தவழ்ந்துதான் போக வேண்டும். எலி, சிலந்தி, சேறு, இருட்டு. அமெரிக்கக் குழந்தைகளுக்கு அது சின்ன வயதிலிருந்தே பயமுறுத்தும் இடம்.

ஹேலியின் அப்பா டேவ் (பேரி பெப்பர்) அங்கேதான் அடிபட்டு மயங்கிக் கிடக்கிறார். விவாகரத்துக்குப் பிறகு அவர் வேறொரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பழைய வீட்டை விட மனசு வரவில்லை. புயல் வரும் நேரத்தில் அந்த வீட்டைக் காப்பாற்றத்தான் போயிருக்கிறார். மகள் வளர்ப்பு நாய் சுகரோடு தேடி வந்து, தரைக்கடியில் தவழ்ந்து அவரைக் கண்டுபிடித்து இழுக்கும்போதுதான் தெரிகிறது, உள்ளே முதலையும் இருக்கிறது என்று. வெளியே போகும் ஒரே வழியை அது மறித்துக்கொள்கிறது.

அதன் பிறகு படம் முழுக்க ஒரே வீடு. தண்ணீர் ஏறுகிறது, அவ்வளவுதான். முதலில் கணுக்கால், பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. தரைக்கடியிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து பரணுக்கு, பரணிலிருந்து கூரைக்கு. அப்பாவும் மகளும் ஒவ்வொரு தளமாக மேலே துரத்தப்படுகிறார்கள். சின்ன வயதில் உயரம் குறித்து வைத்த சுவர், சமையலறை, குளியலறை என்று பழகிய ஒவ்வொரு இடமும் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்குகிறது. முதலை பாயும் காட்சிகளில் திடுக்கிடல் இருக்கிறது, சரி. ஆனால் வயிற்றைப் பிசைவது, இன்னும் எவ்வளவு நேரத்தில் இந்த இடைவெளி நிரம்பும் என்று டேவ் கணக்குப் போடும் காட்சிதான். முதலைகூட வந்து போகிறது. தண்ணீர் ஒரு முறைகூடப் பின்வாங்குவதில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது

படத்துக்காகச் செய்த மிகை என்று இதை ஒதுக்க முடியாது. அமெரிக்கத் தேசிய சூறாவளி மையத்தைச் சேர்ந்த எட்வர்ட் ரப்பாபோர்ட், 1963 முதல் 2012 வரை அட்லான்டிக் புயல்களால் அமெரிக்காவில் நேரடியாக நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்தார். பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர். அதிலும் மொத்த மரணங்களில் ஏறக்குறைய பாதி, காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டும் நீரால். மழை வெள்ளம் இன்னொரு கால்பங்கு. காற்றால் இறந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

இதில் ஒரு விபரீதம் உண்டு. புயலின் ஆபத்தை மக்கள் அளப்பது காற்றை வைத்துத்தான். ‘கேட்டகிரி 1’ முதல் ‘கேட்டகிரி 5’ வரை என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. மணிக்கு 252 கிலோமீட்டர் தாண்டினால் 5. எவ்வளவு தண்ணீர் உள்ளே வரும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பில்லை. ‘கிரால்’ படத்தின் கற்பனைப் புயல் ‘வென்டி’ கேட்டகிரி 5. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நகரை 2005 ஆகஸ்ட் 29-ல் சீரழித்த கத்ரினா, லூசியானாவில் கரையேறியபோது கேட்டகிரி 3-தான். வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன, நகரின் 80 சதவிகிதம் மூழ்கியது. படத்தின் பின்பாதியில் கரை உடைந்து ஒரே அலையாகத் தண்ணீர் வீட்டைத் தாக்கும் காட்சியைப் பார்க்கும் அமெரிக்கர்களுக்குக் கத்ரினா ஞாபகம் வராமல் இருக்காது.

பரணும் அப்படியே. படத்தில் கடைசியாக ஒதுங்கும் இடம் அது. நியூ ஆர்லியன்ஸில் 1965-ல் பெட்ஸி என்ற புயல் அடித்தபோது, தண்ணீர் ஏற ஏறப் பரணுக்குப் போனவர்கள் மேலே வழியில்லாமல் சிக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அந்த ஊர்க்காரர்கள் பலர் பரணில் ஒரு கோடரியை வைக்கப் பழகினார்கள். கூரையை உள்ளிருந்தே பிளந்து வெளியேற. நாற்பது ஆண்டு கழித்துக் கத்ரினா வந்தபோது அந்தக் கோடரிகள் சிலரைக் காப்பாற்றின. கோடரி இல்லாதவர்கள் பலர் பரணிலேயே இறந்தார்கள்.

இறந்தவர்கள் யார் என்று பார்த்தால் மனசு கனக்கிறது. லூசியானாவில் கத்ரினாவுக்குப் பலியானவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் 75 வயதைக் கடந்தவர்கள். வெளியேற்றப்படாத ஒரு முதியோர் இல்லத்தில் மட்டும் 35 பேர். 2022 செப்டம்பரில் புளோரிடாவின் மேற்குக் கரையை இயன் புயல் தாக்கியபோதும் இதே கதை. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல்நீர் ஊருக்குள் புகுந்ததால் மட்டும் 41 பேர். ஓய்வுபெற்றவர்கள் வந்து குடியேறும் கடற்கரை அது. ‘அப்பா போனை எடுக்கவில்லை’ என்ற அந்த முதல் காட்சி, புளோரிடாவில் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும்!

போகச் சொன்னால் ஏன் போவதில்லை?

ஹாரர் படங்களில் நாம் வழக்கமாகத் திட்டுவோம். ‘அந்தக் கதவைத் திறக்காதேடி’ என்று. ‘கிரால்’ படத்திலும் திட்டத் தோன்றும். ரேடியோ சொல்கிறது, டிவி சொல்கிறது, போலீஸ் சொல்கிறது. இந்தப் பெண் எதற்கு உள்ளே போகிறாள்?

ஆனால் புயல்களின் போது நிஜத்தில் நடப்பது இதுதான். எச்சரிக்கை காதில் விழாமல் யாரும் தங்குவதில்லை. காரில்லை, பெட்ரோலுக்குக் காசில்லை, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைத் தூக்க ஆளில்லை, வீட்டை விட்டுப் போனால் திருடுவார்கள் என்ற பயம். (படத்திலும் எதிர்க்கடையில் ஏ.டி.எம் இயந்திரத்தைப் பெயர்க்க வரும் கும்பல் ஒன்று உண்டு. அவர்கள் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.) இவற்றோடு இன்னொரு காரணம்: வளர்ப்புப் பிராணி.

கத்ரினாவின்போது மீட்புப் பேருந்துகளிலும் முகாம்களிலும் நாய், பூனைகளுக்கு இடமில்லை என்றார்கள். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் மைதானத்தில் பேருந்தில் ஏறக் காத்திருந்த ஒரு சிறுவனிடமிருந்து அவனுடைய குட்டி வெள்ளை நாயைப் போலீஸ்காரர் பிடுங்கிக்கொண்டார். நாயின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதே அந்தப் பையன் வாந்தி எடுத்துவிட்டான். ‘ஸ்னோபால்’ என்ற அந்தப் பெயர் செய்தியாகி நாடு முழுக்கப் பரவியது. நாயை விட்டு வர மாட்டோம் என்று வீட்டிலேயே தங்கி உயிரை விட்டவர்களின் கதைகளும் வெளியே வந்தன. 2006-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. பேரிடர் நிதி வேண்டுமென்றால், மாநிலங்களும் உள்ளூர் நிர்வாகங்களும் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இடம் வைக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஹேலி அத்தனை அமளியிலும் சுகரை விடாமல் தூக்கிக்கொண்டு ஓடுவது வெறும் சென்டிமென்டாகத் தெரியாது. (நாய்க்கு என்ன ஆகும் என்ற கவலையில் படத்தைத் தவிர்ப்பவர்களுக்கு: நிம்மதியாகப் பாருங்கள்.)

அப்பா-மகள் கதையை மட்டும் படம் கொஞ்சம் அவசரமாகத் தைத்திருக்கிறது. டேவ்தான் மகளின் முதல் நீச்சல் பயிற்சியாளர். விடிகாலைப் பயிற்சி, கண்டிப்பு, தோற்றால் முகம் காட்டுவது என்று வளர்த்தவர். பெற்றோர் பிரிந்ததற்குத் தன் நீச்சல்தான் காரணம் என்ற குற்றவுணர்ச்சி மகளுக்கு. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு இருவரும் அதைப் பேசித் தீர்ப்பது கொஞ்சம் சினிமாத்தனம்தான். ஆனாலும் அப்பா கற்றுக்கொடுத்த அதே நீச்சல் கடைசியில் அப்பாவைக் காப்பாற்ற உதவும்போது, ‘பரவாயில்லை, போகட்டும்’ என்று மன்னிக்கத் தோன்றுகிறது.

முதலைக்கும் ஒரு நியாயம்

படத்தில் பெரிய அநியாயம் நடந்திருப்பது முதலைக்குத்தான். புளோரிடாவில் சுமார் 13 லட்சம் அலிகேட்டர்கள் இருப்பதாக அந்த மாநில வனவிலங்குத் துறை சொல்கிறது. ஏரி, குளம், கோல்ஃப் மைதானம் என்று எங்கும் கிடக்கும். அப்படியும் 1948 முதல் இன்றுவரை அங்கே சீண்டாமலே மனிதரைக் கடித்துக் கொன்ற சம்பவங்கள் முப்பதைச் சுற்றித்தான். ஒரு காலத்தில் தோலுக்காக வேட்டையாடி அருகிப்போய், 1967-ல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பாதுகாப்பால் பெருகி, 1987-ல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட விலங்கு அது. புயல் நேரத்தில் அது வேட்டைக்குக் கிளம்பாது. எங்காவது பதுங்கிக்கொள்ளும். கூட்டம் கூட்டமாக வந்து ஒரு வீட்டைச் சுற்றி வளைப்பதெல்லாம் சினிமா.

ஹேலி முதலையோடு நீச்சல் பந்தயம் ஓடுவதும் அப்படித்தான். 50 மீட்டரை 21 விநாடிக்குள் நீந்தும் உலகின் அதிவேக வீரர்களின் வேகமே மணிக்கு 9 கிலோமீட்டரை எட்டாது. காலில் கடி வாங்கிய பெண் முதலையை முந்துவாள் என்றால், டிக்கெட் வாங்கிய பாவத்துக்கு நம்ப வேண்டியதுதான்.

ஆனால் வெள்ளம் முதலையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் என்ற அடிப்படை மட்டும் பொய்யில்லை. படம் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், ஐடா புயல் லூசியானாவைப் புரட்டிப் போட்டது. வீட்டைச் சூழ்ந்த வெள்ளத்தில் இறங்கிய ஒரு முதியவரை முதலை தாக்கியது. அவர் உயிரோடு கிடைக்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து அந்தப் பகுதியில் 12 அடி நீள முதலை ஒன்றைப் பிடித்தார்கள். சதுப்புநிலத்துக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் கோட்டை வெள்ளம் அழித்துவிடுகிறது. அது எந்தப் பக்கம் இருந்தது என்று முதலைக்கு எப்படித் தெரியும்?

சென்னைக்காரர்களுக்கும் இதில் ஒரு குட்டி அனுபவம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர் பக்கம் இரவில் ஒரு முதலை நிதானமாகச் சாலையைக் கடந்து போன வீடியோ எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் வந்தது. சென்னையின் சில நீர்நிலைகளில் இந்த வகைச் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன, கூச்ச சுபாவம் கொண்டவை, நீர்நிலை நிரம்பி வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அப்போதைய சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தனை அசலாகப் புளோரிடாவைக் காட்டும் இந்தப் படத்தில் புளோரிடாவே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. முழுக்க எடுத்தது ஐரோப்பாவில், செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில். பெரிய தொட்டிகளுக்குள் வீடுகளின் செட் போட்டுத் தண்ணீரை நிரப்பினார்கள். மழை, காற்று, சேறு எல்லாம் செட்டில் செய்தவை. முதலைகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை. தண்ணீர் மட்டும் நிஜம். நடிகர்கள் நாள் முழுக்க அதில் ஊறிக்கிடந்தார்கள். அவர்கள் முகத்தில் தெரியும் களைப்பில் பாதி நடிப்பாக இருக்காது.

கடைசியில் கூரை. கையில் தீப்பந்தம்போல் எரியும் சிக்னல் குச்சி. மேலே ஹெலிகாப்டர். கீழே, தெரு இருந்த இடத்தில் ஒரு ஏரி. காட்சி அங்கேயே வெட்டி நிற்கிறது. ஆஸ்பத்திரி, கட்டிப்பிடித்தல், அடுத்த நாள் காலை எதுவும் கிடையாது. மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களின் காதில், பெயர்கள் ஓடத் தொடங்கும்போது துள்ளலாக ஒரு பழைய ராக் அண்ட் ரோல் பாட்டு விழுகிறது. 1950-களின் ஹிட், ‘சீ யூ லேட்டர், அலிகேட்டர்’. பாடியவர் பெயர் பில் ஹேலி.